தோளில் இரண்டு தட்டு

என் சம்பந்தி அருமைநாயகம் இறந்த செய்தி தாம்பரத்திலிருந்து பம்மலுக்கு மஸ்கட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கிழக்குத் தாம்பரத்து வீட்டில் அவரைச் சம்பளத்துக்கு இருந்து பார்த்துக்கொண்ட அம்மாள், முறைப்படி முதலில் மகனுக்குத்தான் போன் செய்தார். மகன், அதாவது என் மாப்பிள்ளை பிரின்ஸ், மஸ்கட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். நான் கடையில் பைக் சீட்டுக்குக் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டார்" என்றார். மெஷினிலிருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. தையல் கோணிக்கொண்டு கவரின் ஓரம் வரை ஓடி, வெறும் பலகையில் குத்திக்கொண்டிருந்தது. ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் நடந்த சாவு, கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து என்னைச் சேர்ந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் "இது என்னா ரூட்டு சம்மந்தி?" என்று கேட்டிருப்பார்.

நம் சபை மாத இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் அந்த வகுப்பு மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவர் மோட்டர்மேன் சார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்தபடி "ரெண்டாம் தரம்" சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் சொல்லாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டி எட்டிப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? "பின்னாடி யாராச்சும் கையத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏலத்தை முடிப்பார். வெயிலில் நிற்கும் நமக்கு எரிச்சலாக இருக்கும். அவருக்கு அது தொழிலில் வந்த பழக்கம். "ஓட்டறவனுக்கு முதுகுல கண்ணு கிடையாது சம்மந்தி. பின்னாடி இருக்கறவன்தான் கண்ணு" என்பார்.

மின்சார ரயிலில் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு இரண்டு மணி அடித்தால்தான் முன்னால் இருக்கும் மோட்டர்மேன் வண்டியை எடுக்கலாமாம். ஒரு மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். வேலையில் இருந்தவரை அந்த மணிக்குக் கட்டுப்பட்டவர், ஓய்வு பெற்றதும் எல்லா வண்டிக்கும் தானே கார்டாகிவிட்டார். அவரை நான் முதலில் பார்த்ததே அந்தக் கோலத்தில்தான். கல்யாணப் பேச்சுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். அழைத்துப்போக நான் பம்மல் மெயின் ரோட்டில் நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார், அவருக்குப் பின்னால் இவர் இறங்கினார். இறங்கியவர் நகராமல் ஆட்டோவின் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு.

டிரைவர் தலையை நீட்டினார். "இன்னா பெர்சு, நீ என் வண்டிக்கு கண்டக்டரா?"

"கண்டக்டர் இல்லப்பா, கார்டு. அந்தம்மா முந்தானை கம்பியில மாட்டிக்கினு இருந்துச்சு. எடுத்து வுட்டாச்சு. இப்போ போ."

டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் இவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

வீட்டில் என் மனைவி காலையிலிருந்து எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா முன்னால் கால்மேல் கால் போடக்கூடாது, அவர் உட்காருமுன் உட்காரக்கூடாது, அவர்கள் வீட்டு விஷயத்தில் வாயே திறக்கக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் ஊருக்கெல்லாம் சீட் கவர் தைப்பவன் வீட்டில் சோபா கிழிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு புதுப் போர்வையை விரித்து மறைத்திருந்தோம். அவர் உட்கார்ந்த வேகத்தில் போர்வை விலகி, உள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஒரு விரலால் பஞ்சை உள்ளே தள்ளிவிட்டு, "பரவால்ல சம்மந்தி. எங்க வூட்ல ரயில் டைம் தவிர வேற எதுவும் ஒழுங்கா இருந்தது கிடையாது" என்றார். கல்யாணப் பேச்சு தொடங்கவே இல்லை, அதற்குள் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? காபியைக் குடித்தோம்.

அவ்வளவு பெரிய ரயிலை ஓட்டியவருக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது. "தண்டவாளமே இல்லாம எப்படி நேரா போறது?" என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும், சாவு வீடுகளுக்கும், கல்யாணங்களுக்கும் என் பழைய ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் வருவார். ஏறி உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கி, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் நான் கிளம்ப வேண்டும். ஒரு தட்டு விழுந்தால் சைடு ஸ்டாண்டை நான் எடுக்கவில்லை என்று அர்த்தம். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்புவதில் எனக்கு இணை இந்தப் பக்கத்தில் கிடையாது. "வாயால சொல்லலாமே சம்மந்தி" என்று ஒருமுறை கேட்டேன். "வாய் வேற எதையாச்சும் பேசிக்கினு இருக்கும். கை பேசினா அது ஒண்ணுதான் பேசும்" என்றார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

என் மகள் ஷீபாவின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் மஸ்கட் போனோம். சம்பந்தியம்மா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டதால், பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் அவரும் எங்களோடு வந்தார். குழந்தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது, காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார்; வலது கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

அந்த வாரம் அவர் ஓர் ஆஸ்பத்திரியில், ஷீபா இன்னோர் ஆஸ்பத்திரியில். மனைவி மகளோடு இருந்தாள். பிரின்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஓடினார். எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு ஃபிளாஸ்க். வெந்நீர் நிரப்பி எடுத்துக்கொண்டு, குழாய் வழியாகச் சாப்பிடும் ஒரு மனிதரின் அறைக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பிரின்ஸ் இல்லாத நேரம் பெரிய டாக்டர் வெளியே வந்து ஆங்கிலத்தில் என்னிடம் நிறையப் பேசினார். முகம் சாந்தமாக இருந்தது. நான் கையைக் கூப்பி, "தேங்க் யூ டாக்டர், தேங்க் யூ" என்றேன். மூளையில் வீக்கம் கூடியிருக்கிறது என்று அவர் சொன்னாராம். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் ஆபரேஷன் செய்து பேரன் பிறந்தான். செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் இடது கையால் கட்டிலின் கம்பியைத் தட்டத் தொடங்கினார். இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு. மலையாள நர்ஸ் ஒருவர், "அங்கிள் எந்தா இப்படித் தட்டுறது? வேதனையோ?" என்று கேட்டார். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தட்டு நிற்கவில்லை. குழாய்களைப் பிடுங்கிவிடக்கூடாதே என்று கையில் பஞ்சு உறை மாட்டினார்கள். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. ஆனாலும் அந்த வெள்ளை உறை கம்பியின் மேல் இரண்டு முறை எழுந்து விழுந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் தோளில் விழுந்த தட்டு அது. எனக்குத் தெரியாதா?

நிலைமை இதுதான். குணமாக மாதக் கணக்கில் ஆகும், முழுதாகக் குணமாகாமலும் போகலாம் என்றார்கள். பயணக் காப்பீடு இருந்ததால், டாக்டரும் நர்ஸும் கூடவே வரும் சின்ன விமானத்தில் சென்னைக்கு அனுப்ப முடியும். வழியில் எதுவும் ஆகலாம். இங்கேயே வைத்திருந்தாலும் எதுவும் ஆகலாம். பிரின்ஸ் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

பெண்ணைக் கொடுத்தவன் வாய் திறக்கக்கூடாத இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அனுப்பு என்று சொல்லி நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி அவர் இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்துபோனால்? ஃபிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ளே. ஆனா அவர் ரெண்டு தட்டறார்."

பிரின்ஸ் அப்பாவோடு வளர்ந்த பிள்ளை. மேலே எதுவும் கேட்கவில்லை. எழுந்து, விமானத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்ல உள்ளே போனார்.

விமானத்தில் உறவினர் ஒருவருக்குத்தான் இடம். பிரின்ஸின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருக்க டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. ஆக மொத்தக் குடும்பத்திலும் மிச்சம் இருந்த ஆள் நான். ஆங்கிலம் வராது, வைத்தியம் தெரியாது, போகும்போதே விமானத்தில் பாத்ரூம் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவன். "பார்த்துக்கோங்க மாமா" என்று பிரின்ஸ் என் கையைப் பிடித்தார். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஷீபா தையல் வலியோடு குனிந்தபடியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இதோ பாருங்க, உங்க பேரன்" என்று ஸ்ட்ரெச்சர் பக்கம் தாழ்த்தினாள். பஞ்சு உறையைக் கழற்றியிருந்தார்கள். அவருடைய இடது கை நகர்ந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டது. அங்கே அவர் தட்டவில்லை. தொட்டபடியே வைத்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் மெதுவாகக் கையை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

அந்த விமானம் நம் ஷேர் ஆட்டோவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒரு பக்கம் முழுக்க ஸ்ட்ரெச்சர், அதைச் சுற்றிக் குழாயும் பெட்டியும். இந்தப் பக்கம் எனக்கு ஒரு சீட். உட்கார்ந்ததும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? சீட்டின் தையலுக்கு. தோல்தான், ரெக்ஸின் இல்லை. மூலையில் ஒரு சுருக்கம் கிடையாது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சம்பந்தி சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் கிடக்கிறார், நான் சீட் கவர் பார்க்கிறேன். பயத்தில் மனுஷனுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கை தேடும்போலிருக்கிறது.

கதவை மூடினார்கள். இன்ஜின் சத்தம் ஏறியது. அப்போது அவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியில் தட்டினார்.

ஒரே ஒரு தட்டு.

நிறுத்து என்கிறார். பேரனின் காலைத் தொட்ட பிறகு போக மனசில்லை என்கிறார். இவ்வளவு நாள் தட்டிய இரண்டு தட்டும் வீட்டுக்குப் போகலாம் என்று இல்லையோ, நான்தான் என் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லி, பிள்ளையிடமிருந்து அப்பாவைப் பிரித்துக்கொண்டு போகிறேனோ? "என்ன சம்மந்தி? நிறுத்தணுமா? எங்கயாச்சும் வலிக்குதா?" என்று குனிந்து கேட்டேன். மறுபடி ஒரு தட்டு. இன்னும் பலமாக. கூட வந்த டாக்டர் வடநாட்டுப் பெண். அவர் குழாய்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். "ஸ்டாப், ஸ்டாப் சொல்றார் மேடம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. விமானம் நகர ஆரம்பித்தது. இனி யார் நிறுத்துவார்கள்? நான் சொன்னால் நிற்கிற வண்டியா அது?

மூன்றாவது முறையும் ஒன்று தட்டினார். அவருடைய கண் என் முகத்தில் இல்லை. என் மடியில் இருந்தது. டாக்டர் அந்தப் பார்வையைத் தொடர்ந்து வந்து, என்னைச் சுட்டிக்காட்டி, "பெல்ட், அங்கிள், பெல்ட்" என்றார்.

தையலைப் பார்க்கும் ஆசையில் சீட் பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதை இழுத்து மாட்டினேன். கொக்கி உடனே விழவில்லை. அது விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த சத்தம் கேட்டதும் கம்பியில் இரண்டு தட்டு. கண்ணை மூடிக்கொண்டார். விமானம் ஓடி, மேலே ஏறியது. பைலட் அவர் பாட்டுக்கு எடுத்தார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் யாராவது கேட்டால், என் சம்பந்தி சொல்லித்தான் அது கிளம்பியது என்றுதான் சொல்வேன்.

வழியெல்லாம் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஒருமுறை மூச்சு தடுமாறியது. டாக்டரும் நர்ஸும் வேகமாக எதையோ செய்தார்கள், என் கையை விலக்கினார்கள், மறுபடி பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்று சொல்லலாம் என்று தொடங்கினேன். சிறுவயதிலிருந்து சொல்வதுதான், நாலு வரிக்கு மேல் வரவில்லை. அந்த நாலு வரியையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். கேட்டுக் கேட்டு நர்ஸுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

மீனம்பாக்கத்தில் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு வழக்கம்போல் அடைத்துக்கொண்டு நின்றது. ஆகாயத்தில் எங்கும் நிற்காமல் வந்தவரை நம் ஊர் டிராஃபிக் நிறுத்திவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் சைரனைப் போட்டுப் பார்த்தார். "எங்க சார் வழி வுடுவானுங்க, அவனுங்களுக்கே வழி இல்ல" என்றார். சம்பந்தி அடிக்கடி சொல்வது எனக்கு நினைவு வந்தது: "லைன் தெரிஞ்சா மட்டும் பத்தாது சம்மந்தி, லைன் கிளியர் கிடைக்கணும்." அந்த நேரம் ரோட்டை ஒட்டிய தண்டவாளத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயில் ஹாரன் கொடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. அவர் கண்ணைத் திறந்தார். ரயில் சத்தம் தேயும்வரை திறந்தே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு வீட்டில் கொஞ்ச நாள். பேச்சு வரவில்லை. கடையை மூடிவிட்டு மாலையில் போவேன். போனில் பேரனைக் காட்டுவேன். உங்களில் பலர் வந்து ஜெபித்தீர்கள். கிளம்பும்போது உங்களுக்கும் கட்டிலில் இரண்டு தட்டுத் தட்டியிருப்பார். ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பீர்கள். பத்திரமாகப் போகலாம் என்று அனுப்பிவைத்தார், அவ்வளவுதான். குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்ததும் எல்லோரும் கிளம்பி வருவதாக இருந்தது. அது வருவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

கொண்டுவந்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கேயே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ, பேரனைத் தினமும் பார்த்திருப்பாரோ? அடக்கத்துக்கு வந்த பிரின்ஸிடம் இதைக் கேட்க நினைத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்று போதகர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "போலாங்களா?" என்றார். பின்கதவுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். கையைத் தூக்கி வண்டியின் தகரத்தில் தட்டினேன். ஒன்று விழுந்தது. இரண்டாவது வரவில்லை. கை அப்படியே தகரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. டிரைவரும் எடுக்காமல் நின்றார். பிரின்ஸ் வந்து என் கையை மெல்ல எடுத்துவிட்டு, தன் கையால் இரண்டு தட்டினார். அது அவருடைய உரிமை. வண்டி நகர்ந்தது.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது என் ஸ்கூட்டரின் பின்சீட். ரெக்ஸின் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிகிறது. கடைக்கு வருகிறவர்கள், "அண்ணா, முதல்ல உங்க சீட்டை மாத்துங்க, அப்புறம் எங்களுக்குப் போடுங்க" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பழக்கத்தில் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு கிளம்பினேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். எதிரே வந்த ஆட்டோவிலிருந்து யாரோ ஒருவர், "அண்ணே, சைடு ஸ்டாண்டு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டை எடுத்தேன். எடுத்த பிறகும் உடனே கிளம்ப முடியவில்லை. இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்தது.